தோட்டத்துப் பழைய தாள்களைக் காப்பாற்ற: போட்டோஸ்டாட் கடையிலிருந்து சில யோசனைகள்

பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட், பைண்டிங், லேமினேட் என்று கடை வைத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்கிறேன். பள்ளிச் சான்றிதழின் நகல், கடை விலைப்பட்டியல் எல்லாம் கொண்டு வாருங்கள், தாராளமாகச் செய்து தருகிறேன். ஆனால் தாத்தா கப்பலில் வந்தபோது வைத்திருந்த பாஸ்போர்ட், பாட்டியின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்), தோட்டத்து மாரியம்மன் கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ் இவற்றையெல்லாம் மெஷினுக்குள் விடச் சொன்னால் எனக்குக் கை வராது. மெஷின் நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது நடக்காத காரியம். பழைய ஃபேக்ஸ் தாளும் வங்கி ரசீதும் இன்னும் மோசம். அவை சூட்டினால் எழுத்து விழும் தாள்கள், மெஷினில் விட்ட மாத்திரத்தில் முழுக்கக் கறுத்துவிடும்.

வேறு என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால் மரம் (ரப்பர்) போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, செம்பனையும் போய்ச் சில இடங்களில் வீடமைப்பு வந்துவிட்டது. லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்து தாமானுக்கு (புதுக் குடியிருப்புக்கு) போகும்போது கட்டிலும் அலமாரியும் லோரியில் ஏறும். படிப்பகத்துப் புத்தகங்களும் கோவில் கணக்கு நோட்டும் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போகும். தப்பித்து வருவது ஒரு பிஸ்கட் டின், ஒரு டிரங்குப் பெட்டி. அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு "அக்கா, இதை என்ன பண்றது?" என்று நிற்கிறவர்கள் அநேகம்.

எதை வைப்பது, எதைக் கழிப்பது

முதலில் எதையும் கழிக்காதீர்கள். புத்தகம் என்றால் அறிவு, நோட்டீஸ் என்றால் குப்பை என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பழைய தமிழ்ப் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று கண்டதையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் காலமானபோது அந்தச் சேகரிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அச்சுப் புத்தகத்துக்கு எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். உங்கள் தோட்டத்துத் திருவிழா நோட்டீஸுக்கு எங்கே கிடைக்கும்?

அதனால் செக்ரோல் தாள் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு), சம்பளச் சீட்டு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, தீமிதி நன்கொடைப் பட்டியல் எல்லாமே வேண்டும். எங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயாப் பணம்) கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். அந்தக் காலத்து ரசீது ஒன்று கிடைத்தால் அதில் இருக்கும் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றும் சேர்ந்து எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு செய்தியைச் சொல்லும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எது எதோடு இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கலைத்த பிறகு அந்த ஒழுங்கு திரும்பி வராது.

ஈரம்தான் முதல் எதிரி

பழைய நூலகம் என்றதும் எல்லோரும் எகிப்தின் அலெக்சாண்டிரியா நூலகத் தீயைச் சொல்வார்கள். ஒரே நாளில் எரிந்து முடிந்த கதை சொல்லச் சுலபம். உண்மையில் அந்த நூலகம் பல நூற்றாண்டுகளாகக் கவனிப்பு குறைந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இன்னொரு விஷயம், அலெக்சாண்டிரியா கடலோரம், காற்றில் ஈரம். எகிப்தில் எத்தனையோ இடங்களில் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் கிடைத்திருக்கின்றன, அந்தப் பெரிய நூலகம் இருந்த நகரத்து மண்ணில் மட்டும் அநேகமாக ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆனால் தெற்கே பாலைவன ஓரத்தில் ஆக்சிரிங்கஸ் என்ற சாதாரண ஊரின் குப்பை மேட்டை 1896-இல் தோண்டத் தொடங்கியபோது கவிதை, நாடகம், வரி ரசீது, கடிதம் என்று லட்சக்கணக்கான துண்டுகள் வந்தன. ராஜாக்கள் கட்டிக் காத்தது போயிற்று, ஊர்க்காரர்கள் வீசிய குப்பை தப்பியது. காரணம் மழை இல்லாத காய்ந்த மண், அவ்வளவுதான்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நம் ஊரில் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே நிற்கும். அதனால் செய்ய வேண்டியவை:

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், ஒரு முழமாவது உயரம் வேண்டும். மழை அடிக்கிற வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சாமி மேடைக்குக் கீழே வைக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம், பக்தி சரிதான், ஆனால் விளக்கும் எண்ணெயும் இருக்கிற இடம் அது. சமையலறைப் பரண் வேண்டவே வேண்டாம். பிஸ்கட் டின் துருப்பிடிக்கும், துரு தாளில் இறங்கும். டின்னைத்தான் வைக்க வேண்டும் என்றால் உள்ளே சுத்தமான வெள்ளைத் தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். எக்கோன் (ஏசி) இருக்கிற அறையில் வைத்தால் நல்லதுதானே என்பார்கள். இரவில் ஓடிப் பகலில் நிற்கிற எக்கோன் நல்லதல்ல, குளிரும் வெக்கையும் மாறி மாறி வந்தால் தாள் சுருங்கி விரிந்தே கெடும். காற்றோட்டமுள்ள சாதாரண அறையே போதும்.

பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை வெயிலில் காயப் போடாதீர்கள். அப்பளம் காய வைக்கிற வேலை இல்லை இது. வெயில் மையை வெளுக்கும், தாளை மொறுமொறுப்பாக்கும். நிழலில், மின்விசிறிக் காற்று மேலே நேராகப் படாத இடத்தில், புத்தகத்தை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்துங்கள். பூஞ்சணம் உலர்ந்து தூளான பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய பெயிண்ட் பிரஷால் புத்தகத்தின் முதுகிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பக்கம் முழுக்க இழுவிவிடும்.

வெள்ளத்தில் நனைந்தால் இரண்டு நாள்தான் அவகாசம், அதற்குள் பூஞ்சணம் வந்துவிடும். ஒன்றிரண்டு புத்தகம் என்றால் பக்கங்களுக்கு இடையே டிஷ்யூ வைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். நிறைய என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகம் காத்திருக்கும், ஒவ்வொன்றாக எடுத்துக் காய வைக்கலாம்.

பூச்சிக்கும் ஃபிரீசர்தான்

வெள்ளிப்பூச்சி பசையைத் தின்னும், கரையான் எல்லாவற்றையும் தின்னும். பக்கத்தின் மேல் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், கறை நிற்கும், பிறகு புரட்டுகிறவர் விரலிலும் ஒட்டும். புத்தகத்தைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் முத்து முத்தாகப் படியும். மீனும் கோழியும் இருக்கிற தட்டில் வேண்டாம் என்பதை வீட்டுக்காரம்மா சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு பூச்சி வராமல் இருக்க, தஞ்சாவூர் சரசுவதி மகாலில் கையாளுகிற பழைய முறை ஒன்று உண்டு. நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி (1798–1832) பெரிதாக வளர்த்த நூலகம் அது. ஓலையும் தாளுமாக ஆயிரக்கணக்கான சுவடிகள் இருக்கின்றன. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்கு இடையே வைப்பார்கள். எல்லாமே நம் மளிகைக் கடையில் கிடைக்கிற சாமான். குழந்தை கையில் கட்டுவோமே, அதே வசம்புதான். முடிச்சு தாளில் நேராகப் படாமல் அலமாரி மூலையில் இருக்கட்டும், வாசம் போனதும் மாற்றுங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கிற பூச்சியை இது கொல்லாது. முதலில் ஃபிரீசர், அப்புறம்தான் முடிச்சு.

ஓலை கிடைத்தால்

ஓலை நம் ஊரில் அபூர்வம்தான், ஆனால் வருகிறது. ஒரு முறை பழைய லயத்துக் குடும்பத்திலிருந்து ஓர் அண்ணன் துண்டில் சுற்றி ஒரு சிறு கட்டைக் கொண்டுவந்தார். எழுத்தே தெரியவில்லை, வெறும் பழுப்பு ஓலை, மை அழிந்துவிட்டது என்றார். மை அழிந்தால் என்ன? ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு இருக்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, மேஜை விளக்கைக் குனிய வைத்து, ஓலைக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட மேஜை மட்டத்திலிருந்து வெளிச்சம் விழும்படி செய்தேன். கீறலின் ஒரு கரையில் வெளிச்சமும் மறுகரையில் நிழலும் விழுந்ததும் வரி வரியாக எழுத்து எழும்பி வந்தது. "கடுககாய" என்று முதலில் பிடிபட்டது. ஓலையில் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் கூட்டிப் படித்தால்தான் கடுக்காய் என்று தெரியும். அடுத்த வரியில் சுக்கு. வைத்திய ஏடு.

இந்தப் பக்கவாட்டு வெளிச்சம் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், ஓலையைத் தொடாமலே பாதி வேலை முடியும். விளக்கை இடப்பக்கம் வைத்து ஒரு போட்டோ, வலப்பக்கம் வைத்து ஒரு போட்டோ. எழுத்தில் விளக்குக்கரி தடவித் துடைப்பது, லெமன்கிராஸ் எண்ணெய் பூசி ஓலைக்கு நெகிழ்ச்சி கொடுப்பது என்பதெல்லாம் முறையான வேலைகள்தான். ஆனால் போட்டோ எடுத்து முடிக்கும்வரை அவற்றைத் தொடாதீர்கள், முடித்த பிறகும் தெரிந்தவர் கையால் செய்வது நல்லது. ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தி விட்டுப் பிரிக்க வேண்டாம். அந்த எண்ணெயைத் தாள் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

ஓலை நம் தட்பவெப்பத்தில் சில நூறு வருடம்தான் தாங்கும். சேர நாட்டு முசிறித் துறைமுகத்துச் சரக்கைப் பற்றிக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் எழுதிய பாப்பிரஸ் பத்திரம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அதே காலத்தில் முசிறியில் எழுதிய ஓலை ஒன்றுகூட இல்லை. பிறகு புறநானூறு எப்படி வந்தது? யாரோ ஏடு பெயர்த்து எழுதினார்கள், அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி எடுத்து 1894-இல் அச்சேற்றினார். சங்கிலி அறுந்த இடங்களும் தெரிகின்றன: புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. கட்டின் மேல் ஏடும் அடி ஏடும்தானே அதிகம் அடிபடும், அதனால் போயிருக்கும் என்பது என் ஊகம். கடைக்கு வரும் புத்தகங்களில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன், அட்டையும் கடைசிப் பக்கங்களும் இல்லாமலே வரும்.

நகல் எடுங்கள், ஆனால் இப்படி

போனிலேயே எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் கூடாது. பக்கத்தின் நான்கு ஓரமும் படத்துக்குள் வர வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். ஒரு பக்கத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சின்ன எழுத்து படிக்க வந்தால்தான் அடுத்த பக்கம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி அனுப்பும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

தாளிலும் ஒரு நகல் வேண்டும். இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் கசியும், வருடங்களில் வெளுக்கும். போட்டோஸ்டாட் கறுப்பு கரித்தூள், சூட்டில் தாளோடு உருகிப் பிடித்தது. ஓலையில் தடவிய விளக்குக்கரியும் பென்சில் முனையும் கரிதான், கரி வெளுக்காது. வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் வேறு கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பிரிண்ட் மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நகல் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்தால் நகல் எடுத்ததில் அர்த்தமில்லை. 1981 மே கடைசி இரவில் யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. மாலி நாட்டுத் திம்புக்டுவில் 2012-இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்தபோது அப்தெல் காதர் ஹைதாரா என்ற நூலகரும் ஊர்க்காரர்களும் சுவடிகளை இரும்பு டிரங்குப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாகோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். நம் வீட்டுப் பரணில் இருக்கிற மாதிரியான பெட்டிகள்தான். ஒரு நகல் உங்களிடம், ஒன்று வேறு ஊர் உறவினரிடம், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில். கோலாலம்பூரில் இருக்கிற மருமகன் இதற்காவது உதவட்டும்.

உறையும் கட்டும்

லேமினேட்டுக்குப் பதில் தெளிவான பிளாஸ்டிக் உறை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், நல்லது. 3 என்றால் பிவிசி, வேண்டாம். எண் இல்லையென்றால் முகர்ந்து பாருங்கள், புதுக் கார் வாடை அடித்தால் பிவிசி. அது சில வருடத்தில் ஒட்டிப் போட்டோஸ்டாட் எழுத்தையே உரித்து எடுத்துக்கொள்ளும். உறையின் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும்.

குண்டூசி, ஸ்டேப்ளர், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த ஊசியை இழுக்காமல் பின்புறம் நிமிர்த்திக் கழற்றுங்கள். கட்ட வேண்டுமானால் வெள்ளைப் பருத்தி நாடா. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகி எழுத்தோடு வரும். கிழிந்த துண்டை அதே உறைக்குள் போட்டு வைத்தால் போதும்.

பட்டியல்

அலெக்சாண்டிரியாவில் கல்லிமாக்கஸ் என்ற புலவர் 120 சுருளில் நூற்பட்டியல் போட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதன் முதல் வரியையும் குறித்தார். பழைய அசீரியாவின் தலைநகர் நினிவேயில் அசுர்பனிபால் மன்னனின் களிமண் பலகைகளில், இது இந்தத் தொடரில் எத்தனையாவது பலகை, அடுத்த பலகை எந்த வரியில் தொடங்கும், யாருடைய அரண்மனை என்று அடியில் எழுதியிருக்கும். கி.மு. 612-இல் நகரம் எரிந்தபோது களிமண் வெந்து இன்னும் கெட்டியானது. பிற்காலத்தில் தோண்டி எடுத்த துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்க அந்த அடிக்குறிப்புகள்தான் உதவின. நம் பதிப்புகளின் கடைசியில் வரும் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வரிசை எண், என்ன தாள், முதல் வரி, யாரிடமிருந்து வந்தது, எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு). அட்டை போன புத்தகத்துக்கு முதல் வரியே அடையாளம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு நம் ஆட்கள் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள், அது எந்த வரைபடத்திலும் இருக்காது. தாளில் எண் போடுவது மெல்லிய பென்சிலால், ஓரத்தில். போட்டோவின் பின்னால் பெயர் எழுதுவதும் பென்சிலால்தான், பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் பள்ளம் விழும்.

கடைசியாக, வெளியே கொடுப்பது. தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் எங்கே கேட்டாலும் முதலில் பட்டியலை மட்டும் அனுப்புங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஆய்வுக்கு என்று மாணவர்கள் கேட்டால் நகல் கொடுங்கள், மூலம் வேண்டாம். மூலத்தையே ஒப்படைப்பது என்று முடிவானால் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் பெறுபவர் பெயர், கையெழுத்து, தேதி, முத்திரை வாங்குங்கள். தானமா, இரவலா என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதியையும் சேர்த்து.